துவக்கைப் பற்றி நாம் பிழையாக விளங்கிக்கொண்டவை: ஓர் அறிமுகம்

உயர்தர வகுப்பில் உந்தக் காப்பு விதியைக் கற்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவன் அதே கேள்வியைக் கேட்பான். "சேர், வெடி பட்டா ஆள் பத்தடி தள்ளிப் போய் விழுமோ?" யாழ்ப்பாணத்து வகுப்பறையில் இந்தக் கேள்வி எழுவது எனக்கு எப்போதும் சற்று விசித்திரமாகவே இருக்கிறது. இந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் வெடிச்சத்தத்துக்குள்ளேயே படித்து, வேலைக்குப் போய், கலியாணமும் முடித்தவர்கள். பிள்ளைகளோ போர் முடிந்த காலத்தை ஒட்டிப் பிறந்தவர்கள் என்பதால் அவர்கள் துவக்கைப் பார்த்ததெல்லாம் சினிமாவிலும் கைப்பேசி விளையாட்டிலும்தான். ஆனால் பேசிப் பார்த்தால், சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களும் துவக்கின் உள்ளே நடப்பதைப் பற்றிச் சினிமா சொன்னதையே நம்புகிறார்கள்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ரவை என்றும் சன்னம் என்றும் நாம் மாறி மாறிச் சொல்கிறோம். இங்கே ரவை என்பது முழுப்பொருளையும், சன்னம் என்பது அதன் நுனியிலிருந்து பறந்துபோகும் உலோகத் துண்டையும் குறிக்கும். ரவையொன்றில் பித்தளைக் கோது, அதனுள் எரிமருந்து, கோதின் அடியில் தட்டுப்பட்டால் தீப்பற்றும் சிறு மூடி, வாயில் இறுக்கிப் பொருத்திய சன்னம் என்று நான்கு பகுதிகள் உண்டு. மருந்து வெடிக்கிறது என்று நாம் சொன்னாலும் உண்மையில் அது மிக விரைவாக எரிகிறது. எரிந்து உண்டாகும் வாயு குழலுக்குள் அடைபட்டு, றைபிளாக இருந்தால் வளிமண்டல அமுக்கத்தின் மூவாயிரம் மடங்கையும் தாண்டிய அமுக்கத்துடன் சன்னத்தை முன்னே தள்ளுகிறது. குழல் இல்லாவிட்டால் இந்தத் தள்ளலும் இல்லை. குப்பைக்குள் கிடந்த ரவை நெருப்பில் அகப்பட்டால் துவக்கால் சுட்டதுபோலவே பாயும் என்பது பலருடைய நம்பிக்கை. அப்படிப் பாய்வதில்லை. பாரமான சன்னம் அருகிலேயே விழுந்துவிட, இலேசான கோதுதான் கிழிந்து துண்டுகளாகத் தெறிக்கிறது. கண்ணைக் கெடுக்கவும் தோலைக் கிழிக்கவும் அந்தத் துண்டுகளே போதும் என்பதால், பாயாது என்று நான் எழுதியதைப் பயமில்லை என்று எவரும் வாசித்துவிடக் கூடாது.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். ஏகே 47 றைபிளின் சன்னம் ஏறத்தாழ 8 கிராம் திணிவுடையது. குழலை விட்டு அது செக்கனுக்கு ஏறத்தாழ 715 மீற்றர் வேகத்தில் வெளியேறுகிறது. இரண்டையும் பெருக்கினால் உந்தம் 5.7 அலகு வரும். அந்தச் சன்னம் 60 கிலோ நிறையுள்ள ஒருவரின் உடலிலேயே முழுமையாகத் தங்கிவிடுகிறது என்று வைத்துக்கொண்டாலும், அவருக்கு அது கொடுக்கக்கூடிய வேகம் செக்கனுக்கு 10 சென்ரிமீற்றரைக்கூட எட்டாது. சந்தைக்குள் ஆறுதலாக நடப்பவரின் வேகமே அதைவிடப் பத்து மடங்கு அதிகம். நியூற்றனின் மூன்றாம் விதியை நினைவில் வைத்திருப்பவர் கணக்குப் போடாமலே இந்த முடிவுக்கு வரலாம்: சுடப்பட்டவரைத் தூக்கியெறியும் அளவுக்குத் தள்ளல் இருந்தால் சுட்டவரும் மறுபக்கம் தூக்கியெறியப்பட்டிருக்க வேண்டும். திரையில் அப்படிப் பறப்பவரின் இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். உண்மையில் சிலர் தமக்குக் காயம் பட்டதையே உடனே உணர்வதில்லை; ஓடிக் களைத்து நின்ற பிறகுதான் சட்டை நனைந்திருப்பதைக் கண்டதாகச் சொல்பவர்கள் எங்கள் ஊரில் இன்றும் இருக்கிறார்கள்.

சன்னத்தின் கொடுமையை உந்தத்தில் தேடக் கூடாது, சக்தியில் தேட வேண்டும். அதே 8 கிராம் சன்னத்தின் இயக்கச் சக்தி ஏறத்தாழ 2,000 யூல். 60 கிலோ மனிதர் ஒருவர் மூன்றரை மீற்றர் உயரத்திலிருந்து விழும்போது நிலத்தில் கொண்டுவந்து சேர்க்கும் சக்தி அவ்வளவுதான், ஆனால் இங்கே அது சின்னிவிரல் அகலத்துக்குள் செலவாகிறது. ஆள் நின்ற இடத்திலேயே மடிந்து விழுவதும் உட்புறம் சிதைவதும் அதனால்தான்.

சத்தத்தைப் பற்றிய நம்பிக்கைகளில்தான் நம்மவர்களின் அனுபவமும் தவறும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. "கேட்ட வெடி கொல்லாது" என்று எங்கள் அம்மம்மா சொல்லுவார். பதுங்குகுழிக்குள் அழும் பிள்ளைகளை ஆற்றுவதற்கு அவர் சொன்ன அந்த வார்த்தைக்குள் பௌதிகவியல் பாதி இருக்கிறது. ஒலி வளியில் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் வேகத்தில் செல்லும். றைபிள் சன்னம் அதன் இருமடங்கு வேகத்தில் புறப்படுகிறது. ஆகவே 300 மீற்றர் தொலைவிலிருந்து சுட்டால் சன்னம் அரைச் செக்கனில் வந்து போய்விடும். துவக்கின் சத்தம் வந்து சேர ஏறத்தாழ 0.9 செக்கன் ஆகும். இதற்கிடையில் தலைக்கு மேலால் செல்லும் சன்னம் சாட்டையைச் சொடுக்கியதுபோல ஒரு கூர்மையான ஒலியை எழுப்பும். அது துவக்கிலிருந்து வந்த ஒலியன்று. ஒலியை முந்திச் செல்லும் சன்னம் வளியில் உண்டாக்கும் அதிர்ச்சி அலை. முதலில் "சடக்" என்றும் பிறகு தூரத்தில் "டும்" என்றும் இரண்டு சத்தங்கள் கேட்டதும், அந்த இடைவெளியை வைத்துப் பெரியவர்கள் தூரம் சொன்னதும் இதனால்தான். காதில் விழுந்த வெடிக்குரிய சன்னம் ஏற்கெனவே கடந்துபோய்விட்டது என்றமட்டில் அம்மம்மா சொன்னது சரி. கைத்துப்பாக்கிகள் பலவற்றின் சன்னங்கள் ஒலியின் வேகத்தை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ செல்வதால் அங்கே அந்தக் கணக்கு பொருந்தாது. அடுத்த வெடியைப் பற்றியும் அது ஒன்றும் சொல்லவில்லை.

சைலன்சர் பூட்டினால் "புஸ்" என்ற மெல்லிய சத்தம் மட்டுமே வரும் என்பது முழுக்க முழுக்கச் சினிமாவின் பரிசு. ஹைரம் பேர்சி மக்சிம் என்ற அமெரிக்கர் 1909 இல் காப்புரிமை பெற்ற இந்தக் கருவி, குழல் வாயில் பாயும் வாயுவைச் சிறு அறைகளுக்குள் விட்டு விரியவும் ஆறவும் வைக்கிறது. அதனால் சத்தம் ஏறத்தாழ 20 முதல் 35 தெசிபல் வரை குறையும். ஆனால் றைபிளொன்றின் சத்தம் 160 தெசிபலை ஒட்டியிருப்பதால், குறைந்த பிறகும் அது பக்கத்து வளவுக்குத் தாராளமாகக் கேட்கும்; சன்னம் எழுப்பும் அந்தச் சாட்டைச் சத்தத்தைச் சைலன்சர் தொடுவதே இல்லை. 140 தெசிபலைத் தாண்டிய திடீர்ச் சத்தம் ஒரே தடவையில் காதைக் கெடுக்கக்கூடும். செவியின் உள்ளே இருக்கும் மயிர்க்கலங்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. பயிற்சித் திடலில் காதுமூடி அணிவது பயந்தவர்களின் பழக்கம் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு செய்தியே போதும்.

எங்கள் வீட்டின் பின்சுவரில் பூசாமல் விட்ட துளையொன்று இருக்கிறது. வெளிப்பக்கத்தில் அதற்குள் சின்னிவிரலின் நுனி மட்டும் நுழையும். அறையின் உட்பக்கம் வந்து பார்த்தால், அதே இடத்தில் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைக்கக்கூடிய அளவுக்குச் சாந்தும் கல்லும் பெயர்ந்து குழிந்திருக்கும். முதன்முறை பார்ப்பவர்கள் உள்ளேயிருந்து வெளியே சுட்டதாகவே நினைக்கிறார்கள், பெரிய துளைதான் சன்னம் புகுந்த வாசல் என்று எண்ணிக்கொண்டு. நடப்பது நேர்மாறானது. சீமெந்து அழுத்தினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. சன்னம் மோதியதும் கல்லுக்குள் ஓடும் அழுத்த அலை மறுபக்கத்து முகத்தில் பட்டு இழுவை அலையாகத் திரும்பும்போது அந்தப் பக்கம் உதிர்ந்துவிடுகிறது. உள்ளீடற்ற சீமெந்துக் கல்லோ, கார்க் கதவோ, இரும்பு அலுமாரியோ ஆளை மறைக்கும், றைபிள் சன்னத்தை மறிக்காது. கார்க் கதவுக்குப் பின்னால் குந்தியிருந்து கதாநாயகன் தப்புவது படத்தில் மட்டுமே நடக்கும். மறிக்கக்கூடியது மண். பனங்குற்றி அடுக்கி, அதன்மேல் ஒரு முழத் தடிப்புக்கு மேல் மண்மூட்டை போட்டுப் பதுங்குகுழி அமைத்த எங்கள் அப்புமார் இதை எந்தப் புத்தகத்திலும் படித்தவர்கள் அல்லர். இன்றைக்கும் சுடுதல் திடல்களில் இலக்குக்குப் பின்னால் எழுப்புவது மண் அணையைத்தான். நீர் இன்னொரு விதத்தில் ஏமாற்றும். நேராகக் கிணற்றுக்குள் போகும் சன்னத்தை நீர் ஒன்றிரண்டு மீற்றருக்குள் அடக்கிவிடும். ஆனால் கடல்நீரேரியின் பரப்பில் சாய்வாகப் படும் சன்னமோ, பிள்ளைகள் எறியும் ஓட்டுத்துண்டு துள்ளுவதுபோல மேலெழுந்து, எவரும் குறிவைக்காத திசையில் போய்விடும்.

சன்னம் நேர்கோட்டில் போய்ப் பிறகு எங்கோ தூரத்தில்தான் விழத் தொடங்கும் என்பதும் தவறு. குழல் வாயைக் கடந்த கணத்திலிருந்தே அது விழுகிறது, கையிலிருந்து நழுவிய கல்லைப் போல. 100 மீற்றரைக் கடக்க 0.15 செக்கன் எடுத்தால் 11 சென்ரிமீற்றர் விழுந்திருக்கும்; 300 மீற்றரில் ஒரு மீற்றருக்கும் மேல். இதை ஈடுசெய்யவே குழல் பார்வைக் கோட்டுக்குச் சற்று மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்தப்படுகிறது.

கொண்டாட்டத்துக்காக வானத்தை நோக்கிச் சுட்டால் ஒருவருக்கும் ஆபத்தில்லை என்ற எண்ணமும் இந்த இடத்தில்தான் முறிகிறது. நேர்செங்குத்தாக மேலே சென்ற சன்னம் வளித்தடையால் வேகம் குன்றி, செக்கனுக்கு 60 முதல் 90 மீற்றர் வரையிலான வேகத்தில் திரும்பி விழும். தோலைத் துளைக்க அது போதும், தலையில் பட்டால் உயிர் போகக்கூடும். எவரும் சரியாகச் செங்குத்தாகச் சுடுவதில்லை. சற்றுச் சாய்ந்தால் சன்னம் முன்னோக்கிய வேகத்தையும் வைத்துக்கொண்டு அடுத்த ஊரில் இறங்கும். விளையாட்டுச் சாமான் என்று அலட்சியமாக எண்ணப்படும் சிறிய .22 ரவையின் சன்னம்கூட ஒன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பால் போகவல்லது.

சுடும் பயிற்சியைப் பற்றிய எண்ணங்களில் மிகப் பரவலானது, அது பலசாலியான ஆண்களுக்குரியது, அதற்கு அசையாத கை பிறப்பிலேயே வேண்டும் என்பது. பயிற்சி உண்மையில் கோணத்தைப் பற்றியது. கைத்துப்பாக்கியில் குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 15 சென்ரிமீற்றர் என்று கொள்வோம். முன்குறி ஒரேயொரு மில்லிமீற்றர் விலகினால், 25 மீற்றரில் சன்னம் ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர் விலகிவிடும். குறிகளுக்கிடையே 75 சென்ரிமீற்றர் உள்ள நீண்ட றைபிளில் அதே மில்லிமீற்றர்ப் பிழை 3 சென்ரிமீற்றரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஓடிக்கொண்டே ஒற்றைக் கையால் நூறு மீற்றருக்கு அப்பால் நிற்பவரைக் கைத்துப்பாக்கியால் வீழ்த்தும் காட்சியைப் பார்த்து நான் சிரிப்பதை வீட்டில் ஒருவரும் விரும்புவதில்லை. ஆனால் கணக்கு அப்படி.

எந்த மனிதரின் கையும் நடுங்கும். நாடித்துடிப்பே குறியை அசைக்கும். நடுக்கத்தை ஒழிக்கப் பயிற்சி கற்றுக்கொடுப்பதில்லை, நடுக்கத்தோடு சுடவே கற்றுக்கொடுக்கிறது. குறி நடுவுக்கு வந்த கணத்தில் "இப்போது" என்று விசையைச் சடுதியாக இழுப்பவர் அந்த இழுப்பினாலேயே குழலைத் திருப்பிவிடுகிறார். குறி இலக்கின் நடுவைச் சுற்றி மெல்ல அலைந்தபடியே இருக்க, விரல் விசையைச் சீராக அழுத்திக்கொண்டு வருவதே முறை. மூச்சை நெடுநேரம் அடக்குவதும் உதவாது. ஒட்சிசன் குறைந்து பார்வை மங்கி நடுக்கம் கூடும். இயல்பாக மூச்சை விட்டு முடிந்த பிறகு வரும் சில செக்கன் அமைதியே போதும். நாடித்துடிப்பை மெதுவாக்கும் பீற்றா தடுப்பான் மருந்துகள் இந்த விளையாட்டில் தடைசெய்யப்பட்டிருப்பது, அந்தத் துடிப்பு எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டுகிறது. 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் வடகொரியாவின் கிம் ஜொங் சு இரண்டு பதக்கங்களை இழந்தது புரொப்பிரனலோல் என்ற அத்தகைய மருந்தினால்தான்.

பிறப்பிலேயே வாய்த்த கை என்ற எண்ணத்துக்கு ஹங்கேரியின் கரோலி தகாக்ஸ் ஒரு மறுப்பு. 1938 இல் கைக்குண்டொன்று வெடித்து வலக்கை சிதைந்த பிறகு அவர் இடக்கையால் பழகி, 1948 இலும் 1952 இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். ஆண்களின் விளையாட்டு என்பவர்களுக்குச் சீனாவின் ஷாங் ஷானைச் சொல்லலாம்: 1992 பார்சலோனாவில் ஆண்களும் பெண்களும் ஒன்றாகப் போட்டியிட்ட பறக்கும் தட்டுச் சுடுதலில் தங்கம் அவருக்கே கிடைத்தது. 10 மீற்றர் காற்றுத்துவக்குப் போட்டியில் பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டின் விட்டம் அரை மில்லிமீற்றர், அதாவது பேனாவால் வைத்த ஒரு முற்றுப்புள்ளி. இந்தியாவின் அபினவ் பிந்த்ரா 2008 இல் தங்கம் வென்றதும், இலங்கையின் தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் பங்குபற்றியதும் இந்த வகைப் போட்டியில்தான். அங்கே தோள்பலத்தால் ஆகப்போவது மிகக் கொஞ்சம்.

என் சித்தப்பா வன்னியில் தோட்டம் செய்தவர். பன்றிக்கும் குரங்குக்கும் பயந்து, உரிமம் எடுத்து இரட்டைக்குழல் சொட்கன் ஒன்று வைத்திருந்தார். அதைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும், சற்றுமுன் தானே சுவரில் சாத்தி வைத்திருந்தாலும், மடித்துத் திறந்து இரண்டு துளைகளுக்குள்ளும் விரலை விட்டுப் பார்ப்பார். பிறகு வானத்துக்கு எதிரே பிடித்து, குழல்களுக்குள்ளால் வெளிச்சம் தெரிகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். "வெறுந்துவக்குத்தான் ஆளைக் கொல்லுறது" என்பார். வெறுமை என்று நம்பிய துவக்கைத்தான் அவர் அப்படிச் சொன்னார், அது மிகச் சரி. ரவைக்கூட்டைக் கழற்றிவிட்டால் துவக்கு வெறுமையாகிவிடும் என்பதே இந்தத் துறையில் உள்ள மிக ஆபத்தான தவறான எண்ணம். கூட்டைக் கழற்றுவதற்கு முன்னரே ஒரு ரவை குழலின் அடியிலுள்ள அறைக்குள் ஏறியிருந்தால், கூடு இல்லாமலே அது சுடும். வெற்றுவேட்டும் அப்படித்தான்: சன்னம் இல்லாவிட்டாலும் குழல் வாயிலிருந்து பாயும் வாயு கிட்டத்தில் உயிரை எடுக்கும். 1984 இல் ஜோன் எரிக் ஹெக்சம் என்ற அமெரிக்க நடிகர் படப்பிடிப்புத் தளத்தில் பகிடிக்காக வெற்றுவேட்டைத் தன் தலையில் வைத்துச் சுட்டு இறந்தார். ஆகையால் முதல் நாள் பயிற்சியில் கற்பிக்கப்படுவது சுடுவதன்று: எந்தத் துவக்கும் ரவை ஏற்றியதே என்று கொள்வது, குழல் வாயை எவர் பக்கமும் திருப்பாதிருப்பது, சுட முடிவெடுக்கும்வரை விரலை விசைக்கு வெளியே வைப்பது, இலக்கையும் இலக்குக்குப் பின்னால் இருப்பதையும் அறிந்திருப்பது. பாதுகாப்புப் பூட்டு ஓர் இயந்திரத் துண்டு, தேயும். விரலுக்குப் பதிலாக அதை எவரும் நம்பக் கூடாது.

ஒரே வெடியில் பல சிறுசன்னங்களைச் சிதறவிடும் சொட்கனுக்குக் குறி தேவையில்லை, எப்படியும் படும் என்பது தவறென்பதையும் சித்தப்பாவின் வாழைத்தோட்டத்துப் பலகையொன்றில் பார்த்தேன். பத்து மீற்றரிலிருந்து சுட்டபோது சிறுசன்னங்கள் ஒரு சாப்பாட்டுக் கோப்பையின் அகலத்துக்குள் அடங்கிவிட்டன. கோப்பையளவே சிதறும் வெடியால் இலக்கைத் தவறவிடுவது மிக எளிது.

இலங்கையில் இவை எல்லாவற்றையும் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் ஆள்கிறது. உரிமத்தை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். விலங்கு வரும் வழியில் கட்டி, கம்பியில் தட்டுப்பட்டதும் தானே வெடிக்கும்படி வைக்கும் உரிமமற்ற கட்டுத்துவக்கு பன்றியை மட்டுமே கொல்லும் என்பது தோட்டக்காரரிடையே ஓடும் ஒரு சமாதானம். பன்றியின் உடலுக்கு வைத்த குறி மனிதரின் கால் உயரத்தில் நிற்கும். விறகுக்குப் போனவர்களின் கால்கள் அப்படித்தான் போயின.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் வளவு கொத்தும்போது கிடைத்ததென்று பச்சைக் களிம்பு பிடித்த ஒரு ரவையைக் கொண்டுவந்து, கரும்பலகைக்கு முன்னாலுள்ள என் மேசையில் நிமிர்த்தி வைத்தான். "சேர், இது செத்திட்டுது, மண்ணுக்குள்ள கிடந்தது" என்றான். செத்தது அதன் பளபளப்பு மட்டுமே. கோது மூடியபடி இருந்தால் உள்ளேயுள்ள மருந்தும் அடிமூடியும் பத்தாண்டுகள் கடந்தும் உயிரோடு இருக்கலாம். சிறு ரவை கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் பெரியது ஏதும் கிடக்கிறதா என்பது எவருக்கும் தெரியாது. நான் அதைத் தொடவில்லை. வகுப்பைப் பின்வாசலால் வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, அதிபரிடம் சொல்லி 119 இற்கு அழைத்தோம். கொத்திய இடத்துக்கு ஒருவரும் போகக் கூடாதென்று பையனின் வீட்டுக்கும் அறிவித்தோம். வந்தவர்கள் மணல் நிரப்பிய வாளியொன்றைக் கையோடு கொண்டுவந்தார்கள். அவர்கள் போன பிறகு எஞ்சிய பாடத்தை வேப்பமரத்தின் கீழ் நடத்தினேன். அன்றைய பாடம் உந்த மாற்றத்தைச் சொல்லும் கணத்தாக்கு. கேள்வி கேட்க ஒருவரும் கை உயர்த்தவில்லை.